தலை வைத்த இலை

காலை ஏழே கால் மணி, பதினோரு பேர், முன்னால் நடந்து வந்தவன் யாமோ. 1994 மார்ச் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் தம்பி. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் முப்பதாம் ஆண்டு மலரில் மார்ச் பத்தொன்பது என்று அச்சாகிவிட்டது. ஐம்பதாம் ஆண்டு மலரிலாவது சரியாக வரட்டும். அதற்குத்தானே உங்களை மெட்ராசிலிருந்து வரவழைத்திருக்கிறார்கள்.

அங்கே வேண்டாம், இப்படி உட்காருங்கள். அது கை கழுவப் போகிறவர்கள் இடித்துக்கொண்டு போகிற இடம். நாற்பத்தெட்டு வருஷமாக மெஸ் நடத்துகிறேன். ஒரு ஆள் படியேறும்போதே அவரை எங்கே உட்கார வைப்பது என்று எனக்குத் தெரிந்துவிடும். கோர்ட்டில் கேஸ் நடத்திக்கொண்டிருந்த சம்பந்திகள் இரண்டு பேரை ஒரே பந்தியில் உட்கார வைத்திருக்கிறேன். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் பாயசம் வரைக்கும் சாப்பிட்டு எழுந்தார்கள். சமையலை யாரும் கற்றுக்கொள்ளலாம். பந்தியில் இடம் போடுவது அப்படி இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நாங்கள் இங்கே வந்த கதை உங்களுக்குத் தெரியும். பர்மாக்காரன் துரத்தினான், கப்பலில் மெட்ராஸ் போனோம், முகாமில் போட்டார்கள், பிடிக்கவில்லை. பர்மாவுக்கே திரும்பிப் போகலாம் என்று இந்தக் கோடிக்கு வந்தால் எல்லை மூடியிருந்தது. மூடின கதவுக்கு முன்னால் கடை போட்டு உட்கார்ந்தோம். அதுதான் தமிழ்த் தெரு. இந்தக் கதை எல்லா மலரிலும் வந்திருக்கிறது. நான் சொல்லப் போவது வரவில்லை.

இந்த ஊரைச் சுற்றி இரண்டு ஜனங்கள். மலை உச்சியில் ஊர் வைத்திருப்பவர்கள் ஒரு ஜனம், ஓடைகளை ஒட்டி ஊர் வைத்திருப்பவர்கள் ஒரு ஜனம். அவர்கள் மொழியில் அவர்களுக்குப் பெயர் உண்டு. தமிழ்த் தெருவில் நாங்கள் உச்சிக்காரர், ஓடைக்காரர் என்போம். இரண்டு ஜனத்துக்கும் துப்பாக்கி தூக்கின படை இருந்தது. உச்சிப்படைக்குத் தலைவர் கெய்ராங். பழைய ராணுவக்காரர், குண்டு வெடித்து இடது காது போனவர். ஓடைப்படைக்குத் தலைவர் லோபென். கணக்கு வாத்தியாராக இருந்தவர். பேசும்போது விரலை மடக்கி மடக்கிப் பேசுவார்.

உச்சிக்காரர்களுக்குத் தனி நாடு வேண்டும். ஓடைக்காரர்களுக்குத் தனி ஜில்லா வேண்டும். கேட்டது வேறு வேறு. ஆனால் 1991இல் இரண்டு படையும் ஒன்று சேர்ந்துவிட்டன. அதற்கு அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு மலைமாட்டை வெட்டி, அதன் கீழ்த்தாடையை நடுவில் பிளந்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வார்கள். பேச்சுவார்த்தைக்குப் போனால் இரண்டு பாதியையும் சேர்த்துச் சிவப்பு நூலால் கட்டி நடுவில் வைக்க வேண்டும். அப்புறம்தான் வாயைத் திறப்பார்கள். இரண்டு ஜனத்துக்கும் ஒரே வாய் என்று அர்த்தம். அதில் உச்சிக்காரர் அண்ணன், ஓடைக்காரர் தம்பி. அதுவும் சத்தியத்தில் சேர்த்தி.

சேர்ந்தவர்கள் என்ன செய்தார்கள்? ரோட்டை மறித்தார்கள். 1993 டிசம்பர் இரண்டாம் தேதி மறித்த ரோடு. ஒரு லாரி வரவில்லை. அரிசி போயிற்று, மண்ணெண்ணெய் போயிற்று, உப்பு தீர்ந்தது. உப்பில்லாத கஞ்சி குடித்திருக்கிறீர்களா தம்பி? எங்கள் தெருவில் அறுநூறு குடும்பம். பிறந்து எட்டு நாளான ஒரு குழந்தை போயிற்று, பால் பவுடர் இல்லாமல். அந்தக் குழந்தையை இங்கே யாரும் பேசுவதில்லை. எல்லோரும் ஆபியைத்தான் பேசுகிறார்கள்.

ஆபி என்பது யாமோவின் அம்மா. உச்சிக்காரி. என் மெஸ்ஸில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். யாமோ இந்தக் கொல்லைப்புறத்தில் ஓடி விளையாடி வளர்ந்தவன். சங்கப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். நீங்கள் பேசுவதைவிட நல்ல தமிழ் பேசுவான். கட்டியது ஓடைக்காரப் பெண்ணை. லைகோ என்று ஒரு கிராமம், இங்கிருந்து ஐந்து மைல், முப்பத்தெட்டு வீடு. அதில் இருபது உச்சிக்காரர் வீடு, பதினெட்டு ஓடைக்காரர் வீடு. ஒருத்தர் வீட்டுக் கோழி அடுத்தவர் வீட்டில் முட்டை போடுகிற ஊர். இரண்டு படையும் அவனை நம்பியதால் தாடையின் இரண்டு பாதியையும் அவன்தான் தூக்கி வருவான்.

தேசிகன் சார் ஜனவரிக் கடைசியில் வந்தார். ஹெலிகாப்டரில் இறங்கினார். டெல்லியில் பெரிய அதிகாரி, சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். விசாரித்துக்கொண்டு நேராக என்னிடம் வந்துவிட்டார். ஒளித்து வைத்திருந்த துவரம்பருப்பில் சாருக்கு ரசம் வைத்தேன்.

"பிள்ளைவாள், இந்தக் காட்டுல இப்படி ஒரு ரசமா? நான் டெல்லிக்குத் திரும்பிப் போகலைன்னா என் ஆத்துக்காரி உங்க மேலதான் கேஸ் போடுவா."

அப்படிப் பேசுகிற மனுஷர். ஒரு தடவை கூடக் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தினமும் வருவார். சாப்பிட்டுக்கொண்டே கேட்பார்.

"இவா ரெண்டு பேருக்கும் என்னதான் வேணுமாம்?"

"ஒருத்தருக்கு நாடு, ஒருத்தருக்கு ஜில்லா சார்."

"நாடு நம்மகிட்ட இல்லை. ஜில்லா இருக்கு. இருக்கறதைக் குடுத்துட்டாப் போறது."

"தனியாப் பேச வரமாட்டாங்க சார். தாடை ரெண்டும் சேர்ந்தாத்தான்."

"வேண்டாமே. ரெண்டு பேரும் சேர்ந்தே வரட்டும். ரெண்டு பேருக்கும் மரியாதை பண்ணுவோம். மரியாதையை ஒரே அளவாப் பண்ணணும்னு சட்டம் இல்லையே."

அதுதான் ராஜதந்திரம் தம்பி. துப்பாக்கி வைத்திருக்கிறவனைத் துப்பாக்கியால் அடிக்கிறது யாராலும் முடியும்.

முதலில் கடிதம். ஒரே நாளில், ஒரே காகிதத்தில், ஒரே முத்திரையில் இரண்டு கடிதம். நான்தான் கொண்டுபோனேன். மெஸ்காரன் என்பதால் எந்தக் காவலும் என்னை நிறுத்தாது. கெய்ராங்குக்கு எழுதியது, உங்கள் கோரிக்கை கிடைத்தது. லோபெனுக்கு எழுதியது, உங்கள் நியாயமான கோரிக்கை கிடைத்தது. ஒரே ஒரு வார்த்தை. அவர்கள் நண்பர்கள் ஆச்சே, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிப்பார்கள் என்றார் சார். அப்படியே படித்தார்கள். உரக்கப் படித்துக் காட்டியது யாமோ.

அடுத்தது ஆஸ்பத்திரிச் சீட்டு. ரோடு மறித்திருந்தாலும் ஊர்க்கோடி ஆற்றுப்பாலத்துக்கு அந்தப் பக்கம் ராணுவ ஆஸ்பத்திரி உண்டு. ஓடைக்காரர்களின் நோயாளிகளுக்கு அனுமதிச் சீட்டு உடனே வந்தது. லோபெனின் பேத்திக்குக் காய்ச்சல், ஒரு மணி நேரத்தில் ஊசி போட்டார்கள். உச்சிக்காரர்களுக்கு மறுப்பு எதுவும் இல்லை. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்று சொன்னார்கள். கெய்ராங்கின் தங்கை மகன் பரிசீலனையில் இருக்கும்போதே செத்துப்போனான். பதினாறு வயது, குடல்வால். துக்கத்துக்கு லோபென் போனார். உன் பேத்தி எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கெய்ராங் கேட்டாராம். வேறு பேச்சே இல்லையாம். யாமோ வந்து சொன்னான்.

"மாமா, இது நல்லால்ல. ரெண்டு பெருசும் மூஞ்ச மூஞ்ச பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்குதுங்க. தாடை பிரிஞ்சா எங்க ஊர்ல முப்பத்தெட்டு வீடும் பிரியணும். என் வீட்டை எங்க வெட்டுறது? அடுப்பு அவ பக்கமா, என் பக்கமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன். சாம்பார் போடட்டுமா? சாப்பிடுங்கள், பேச்சு அது பாட்டுக்கு நடக்கட்டும்.

ஆனால் இத்தனைக்கும் பிறகும் தாடை பிரியவில்லை. சேர்ந்தேதான் பேச வருவோம், மார்ச் ஒன்பது என்று பதில் வந்துவிட்டது. அன்று மத்தியானம் தேசிகன் சார் ரசத்தைத் தொடவில்லை.

"பிள்ளைவாள், இவா எதுக்குத்தான் கோச்சுப்பா?"

இந்த இடத்தைக் கவனமாக எழுதுங்கள். தலையைப் பற்றிச் சொன்னது நான். அது என் யோசனை. சார் டெல்லியில் என்ன ரிப்போர்ட் எழுதினாரோ தெரியாது, அதில் என் பெயர் இருக்காது. மலரிலாவது வரட்டும். ஆனால் அவர் கேட்காமல் நான் சொல்லவில்லை. இரண்டையும் எழுதுங்கள்.

மலைமாட்டு விருந்தில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முறை உண்டு. முதுகு மாமனுக்கு, தொடை மருமகனுக்கு. தலை அண்ணனுக்கு. தலையை இலை போட்டு மூடி வைத்திருப்பார்கள். எல்லோரும் உட்கார்ந்த பிறகு விருந்து வைக்கிறவர் திறப்பார். யார் முன்னால் தலை இருக்கிறதோ அவர் முதலில் கை வைத்தால்தான் மற்றவர்கள் சாப்பிடலாம். வேண்டாம் என்று தள்ளினால் விருந்து வைத்தவரின் முகத்தில் துப்பினதுக்குச் சமம். அடுத்தவருக்கு நகர்த்தவும் முடியாது, வைத்தவர்தான் நகர்த்தலாம். கை வைத்தால், நான்தான் அண்ணன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னதாக ஆகிவிடும்.

"பலே," என்றார் சார். அப்புறம் ரசம் வாங்கிக்கொண்டார்.

நான் சைவம் தம்பி. ஐந்து தலைமுறையாகச் சைவம். இந்த ஊரில் என்னைத் தவிர யாரும் இப்படிச் சுத்தமாக இருந்ததில்லை. அரசாங்க விருந்து என் மேற்பார்வை என்றதும் ஆபியிடம் சொல்லிவிட்டேன், கறி சம்பந்தப்பட்டது எல்லாம் உன் பொறுப்பு, கொல்லைப்பக்கம் வைத்துக்கொள், என் அடுப்பில் ஏற்றாதே என்று. அவளுக்கு முறை எல்லாம் அத்துப்படி. முதல் நாள் சாயங்காலம் வந்து கேட்டாள்.

"அண்ணே, கெய்ராங் எங்க ஒக்காருவாரு? தலை வைக்கணுமே."

"ஆபீசருக்கு வலது பக்கம்."

"லோபென்?"

"இடது பக்கம்."

"சரி அண்ணே. அண்ணன் வலதுதான் முறை."

அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் பதினோரு பேரும் வந்தார்கள். ஐந்து பேர் உச்சி, ஐந்து பேர் ஓடை, நடுவில் யாமோ. பேச்சுவார்த்தை சங்கக் கட்டடத்தில். தாடையைக் கட்டி நடுவில் வைத்தான். காலை முழுக்க உருப்படியாக ஒன்றும் பேசவில்லை. ஆனால் பதினொரு மணி டீ சமயத்தில் சார் லோபெனைத் தனியாகப் பார்த்து ஒன்று சொன்னார். ஜில்லா உத்தரவு டைப் ஆகி என் பெட்டியில் இருக்கிறது, இன்றைக்குக் கூட்டம் மனஸ்தாபம் இல்லாமல் முடிந்தால் சாயங்காலம் கையெழுத்து. இவ்வளவுதான் சொன்னார். மனஸ்தாபம் இல்லாமல் என்பதைத்தான் இரண்டு தரம் சொன்னார்.

ஒரு மணிக்கு அங்கேயே பந்தி. இலை எல்லாம் போட்டாயிற்று. ஆபி சாருக்கு வலது பக்கத்து இலையில் தலையை வைத்து மூடிவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டாள். கெய்ராங் கை கழுவிவிட்டு வலது பக்கம் வந்தார். நான் போய் அவர் கையைப் பிடித்தேன்.

"ஐயா, இந்தப் பக்கம் உட்கார்ந்தால் ஆபீசர் பேசுவது உங்கள் கேட்காத காதில் விழும். அந்தப் பக்கம் வாருங்கள். நல்ல காது அவர் பக்கம் இருக்கும்."

மனுஷர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் என் தோளைத் தட்டினார். என் படையில் இருக்கிறவர்களுக்குக்கூட இது தோன்றியதில்லை என்றார். சந்தோஷமாகப் போய் இடது பக்கம் உட்கார்ந்தார். காலியான வலது பக்கத்தில் லோபெனை உட்கார வைத்தேன். இலையைத் தொடவில்லை, கறியைத் தொடவில்லை. ஆளை மட்டும் மாற்றினேன். நாற்பது தடவை கல்யாணப் பந்தியில் செய்தது.

சார் கும்பிட்டுவிட்டு மூடியிருந்த இலையை எடுத்தார்.

லோபென் விரலை மடக்கவில்லை. தலையைப் பார்த்தார், கெய்ராங்கைப் பார்த்தார். கெய்ராங் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லோபென் எழுந்திருப்பார் என்று காத்திருந்தார். எழுந்தால் கெட்டது ஜில்லா மட்டும்தான், சத்தியம் இருந்திருக்கும். ஒரு ஐந்து நிமிஷம் இருக்கும். சார் இந்தியில், சாப்பிடுங்கோ சாப்பிடுங்கோ என்று உபசரித்தார். லோபென் மாட்டுத்தலையின் காதில் ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்தார். மெல்ல முடியவில்லை. அப்படியே வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

கெய்ராங் எழுந்தார். கை கழுவினார். சாப்பிடவே இல்லை, எதற்குக் கழுவினாரோ. நூலை அறுத்துத் தன் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போனார். அவருடைய நாலு பேரும் பின்னால் போனார்கள். யாமோ வாசலில் நின்றான், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல்.

அன்று சாயங்காலம் லோபென் கையெழுத்துப் போட்டார். மார்ச் பத்தாம் தேதி ஓடைப்படை ரோட்டிலிருந்து விலகிற்று. தனியாக உச்சிப்படையால் இருபத்தெட்டு மைல் ரோட்டைப் பிடித்து வைக்க முடியுமா? பன்னிரண்டாம் தேதி முதல் லாரி வந்தது. உப்பு. பெண்கள் எல்லாம் தெருவில் நின்று லாரிக்கு ஆரத்தி எடுத்தார்கள். தொண்ணூற்றேழு நாள் மறியலை ஒரு சாப்பாட்டில் முடித்துவிட்டோம். ஒரு குண்டு வெடிக்கவில்லை. இந்த வரியைத் தனிப் பத்தியாகப் போடுங்கள்.

மிச்சத்தை எழுத வேண்டாம். கேட்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன்.

பதின்மூன்றாம் தேதி ஆபியை மலைக்குக் கூப்பிட்டுப் போனார்கள். தலையை ஓடைக்காரன் முன்னால் வைத்தது அவள்தானே. மருமகள் ஓடைக்காரி, அதனால் செய்திருப்பாள் என்று பேச்சு. மெஸ்காரப் பிள்ளை சொன்ன இடத்தில் வைத்தேன் என்றாளாம். கெய்ராங் நியாயஸ்தர், அதைச் சொல்ல வேண்டும். அவரை இடம் மாற்றினது நான் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அது அந்த நேரத்து உபசாரமா, முதலிலேயே முடிவு பண்ணினதா? முதலிலேயே என்றால் சமையல்காரிக்குச் சொன்னது என்ன? பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும், அதன்படி செய்வோம் என்றார்.

பதினாலாம் தேதி யாமோ வந்தான். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் உட்கார்ந்தான். சட்டையெல்லாம் வேர்வை.

"மாமா, ஒரே வரி. வலது பக்கம்னு அம்மாகிட்ட நான்தான் சொன்னேன்னு எழுதுங்க. போதும்."

"எழுதினா?"

"அம்மாவ விட்ருவாங்க. அதோட லோபெனுக்கும் வெவரம் தெரிஞ்சிரும். ஏமாத்திட்டாங்கன்னு தெரிஞ்சா ரெண்டு பெருசும் மறுபடி சேர்ந்துக்கும் மாமா. லைகோ பொழச்சிக்கும்."

பாருங்கள், அவனே சொல்கிறான். மறுபடி சேர்ந்துக்கும். சேர்ந்தால் ரோடு என்னாகும்? தமிழ்த் தெரு என்னாகும்? அறுநூறு குடும்பத்துக்கு நான் சங்கச் செயலாளர். ஏமாற்றினவன் தமிழன் என்று தெரிந்தால் கெய்ராங் என்னோடு நிறுத்துவாரா?

"நாளைக்குக் காலையில வா. யோசிச்சு எழுதி வைக்கிறேன்," என்றேன்.

"யோசிக்க என்ன மாமா இருக்கு? நடந்தத எழுதப்போறீங்க."

"சாப்ட்டியா?"

"அம்மா மலையில பட்டினி மாமா."

சாரிடம் போனேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். "பிள்ளைவாள், நீங்க என்ன எழுதறேளோ அது உங்க இஷ்டம். பொய் மட்டும் எழுதாதீங்கோ. பொய் பின்னாடி வந்து காலைச் சுத்தும்," என்றார். நல்ல யோசனை. அதன்படியே எழுதினேன். இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. 'விருந்தில் யார் எங்கே அமர்வது என்பது முதல் நாளே தீர்மானிக்கப்பட்டது. திரு கெய்ராங் அவர்களின் செவிக்குறையை முன்னிட்டே இடம் ஒதுக்கப்பட்டது. இடவிவரம் முதல் நாள் மாலையே சமையலறைக்குத் தெரிவிக்கப்பட்டது. கறி பரிமாறியதில் எனக்குப் பங்கில்லை, நான் சைவன்.' இதில் ஒரு வார்த்தை பொய் உண்டா, சொல்லுங்கள். முதல் நாளே தீர்மானித்தோம், உண்மை. சமையலறைக்குச் சொன்னேன், உண்மை. என்ன சொன்னேன் என்று அவர்கள் கேட்கவில்லை.

கேட்டார்களா? சரி, கேட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் எல்லாவற்றையும் எழுத முடியுமா?

உறையை ஒட்டி யாமோவிடம் கொடுத்தேன். ஒட்டின உறையைப் பிரித்துப் படிக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. நான் வளர்த்த வளர்ப்பு. ஆபிக்கு என்று ஒரு டப்பாவில் தயிர்சாதமும் நாரத்தங்காயும் கட்டிக் கொடுத்தேன். அவளுக்கு நாரத்தங்காய் பிடிக்கும். ஓடிப்போனான். மலைமேல் ஐந்தாறு மைல், ஏற்றம். கெய்ராங் அவனையே உரக்கப் படிக்கச் சொன்னாராம். யார் எந்தப் பக்கம் என்று தெரிந்தேதான் தலையை வைத்திருக்கிறாள் என்று ஆகிவிட்டதாம்.

பதினைந்தாம் தேதி மத்தியானம் ஆபியைச் சுட்டார்கள். டப்பா திரும்பி வரவில்லை. அதை நான் கேட்கவும் இல்லை.

பதினாறாம் தேதி உச்சிப்படை லைகோவில் இறங்கிப் பதினெட்டு ஓடைக்காரர் வீட்டை எரித்தது. பதினேழாம் தேதி ஓடைப்படை வந்து மிச்சம் இருபது வீட்டை எரித்தது. நாற்பத்தோரு பேர். யாமோவின் பெண்டாட்டி, அவனுடைய நாலு வயசுப் பெண், இரண்டு பேரும் அதில் சேர்த்தி. பட்டாளம் பாலத்தில்தான் நின்றது. இரண்டு ஜனத்துக்குள் தகராறு, அரசாங்கம் ஒரு பக்கம் சாயக் கூடாது என்று உத்தரவு. அதுவும் ஒரு நியாயம்தான். இங்கே மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் புகை தெரிந்தது. தெருவில் எல்லோரும் ஏறிப் பார்த்தார்கள். நான் போகவில்லை. லாரி வந்த புதிது, சாப்பாட்டுக்குக் கூட்டம் தாங்கவில்லை. ஆபியும் இல்லாமல் இரண்டு கையால் எத்தனை செய்வது? அதற்கப்புறம் அந்த மாதிரி ஒரு ஆள் எனக்கு அமையவே இல்லை. பாத்திரம் தேய்த்தால் முகம் தெரியும். இதை வேண்டுமானால் எழுதுங்கள், நன்றி மறந்தவன் என்று பெயர் வேண்டாம்.

ஏன் இலையை மடிக்கிறீர்கள்? மோர் இருக்கிறது.

யாமோ ஒரு தடவை வந்தான். மே மாதம். உச்சிக்காரர்கள் அவனைச் சேர்க்கவில்லை, துரோகியின் மகன். ஓடைக்காரர்கள் சேர்க்கவில்லை, உச்சிக்காரன். பந்தி நடந்துகொண்டிருந்தது, ரோடு போடுகிற கம்பெனிக்காரர்கள் முப்பது பேர். வாசல்படியில் நின்று கேட்டான்.

"மாமா, நான் எங்க ஒக்காரணும்?"

"அதென்ன கேள்வி? எங்கே இடம் இருக்கோ ஒக்காரு," என்றேன்.

உள்ளே மூன்று இலை காலியாகத்தான் இருந்தது. அப்படியே நின்றுகொண்டிருந்தான். எனக்கு அடுப்பில் வேலை. திரும்பி வந்து பார்த்தபோது இல்லை. அந்தக் கோபம் அவர்கள் ரத்தத்தில் இருப்பது. சாப்பிட வந்தவன் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டாமா? பர்மாவுக்குள் போய்விட்டான் என்றார்கள். ஆற்றில் ஒரு உடம்பு கிடந்தது, அது அவன் என்றும் சிலர் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. எனக்கு அதெல்லாம் பார்த்தால் சாப்பாடு இறங்காது.

கெய்ராங்கை அடுத்த வருஷம் பிடித்துவிட்டார்கள். லோபென் புது ஜில்லாக் கவுன்சிலில் தலைவராக இருந்தார், இரண்டாம் வருஷம் அவரை வாசலில் வைத்து யாரோ சுட்டார்கள். அவர் பாதித் தாடை அன்றைக்கு மேஜையிலேயே கிடந்ததை தேசிகன் சார் கொண்டுபோனார். டெல்லிக்கு ஒரு தடவை போனபோது அவர் வீட்டில் பார்த்தேன். ரொம்ப நேர்த்தி, பாலிஷ் போட்டுக் காகிதம் பறக்காமல் இருக்க மேஜையில் வைத்திருந்தார். "ஞாபகம் இருக்கா பிள்ளைவாள்?" என்றார். எனக்கு அதைத் தொட மனசில்லை, சைவம் பாருங்கள்.

சங்கத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தின போட்டோ இருக்கிறது. முழுப் பக்கம் போடுங்கள். கீழே, சமாதானத்துக்கு உழைத்த செயலாளர் சபாபதிப் பிள்ளை என்று போட்டால் போதும். அதிகமாகப் போட வேண்டாம். பின்னால் வலது ஓரத்தில் பாதி உடம்பு தெரிகிறதே, அது ஆபி. போட்டோ எடுக்கும்போது தட்டைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்துவிட்டாள். வெட்டிவிடலாம்.

போட்டோ எடுத்தது பன்னிரண்டாம் தேதி. ஆமாம், அவளைக் கூப்பிட்டுப் போனதற்கு முதல் நாள். அன்றைக்கு அவள் ரொம்பச் சந்தோஷமாக இருந்தாள். உப்பு வந்துவிட்டதே அண்ணே என்றாள்.

புது ஜில்லாவுக்கு ஆபீஸ் கட்ட மட்டமான நிலம் இந்த மலையில் எங்கேயும் கிடைக்கவில்லை. லைகோவில்தான் கட்டினார்கள். திறப்பு விழாச் சாப்பாடு நம் மெஸ். கடைசியாக ஒரு தேதி, அதையும் மலரில் சேர்த்துவிடுங்கள், தகவல் முழுமையாக இருக்கட்டும். 2009 ஜூன் முப்பதாம் தேதி, நிர்வாகச் செலவைக் குறைப்பதற்காக, ஓடை ஜில்லாவை அரசாங்கம் பழைய ஜில்லாவோடு திரும்பச் சேர்த்துவிட்டது.